வயதானவர்களுக்குக் கக்கூசில் உயர இருக்கை: அளந்து வாங்குங்கள், அசையாமல் மாட்டுங்கள்



மலச்சிக்கலுக்கு மாத்திரை கேட்டு மருந்தகத்துக்கு வரும் வயதானவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி வயிற்றைப் பற்றியது அல்ல. "வீட்டுல எந்த மாதிரி கக்கூசும்மா? குந்துறதா, உக்கார்றதா?" என்றுதான் கேட்பேன். சிலர் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சிலர், "அதெல்லாம் எதுக்கு டிரசரையா, மாத்திரைய குடுங்க, நான் போறேன்" என்பார்கள். (எச்.ஏ. என்ற பெயர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழைய ஆட்களுக்கு நாங்கள் இன்னமும் டிரசர்தான்.) கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை. கதவைப் பிடித்து, பீலியைப் பிடித்து, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். ஒரு நாள் கை வழுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து பயம்.

பயம் வந்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவதில்லை. சாயங்காலத் தேத்தண்ணியை நிறுத்திவிடுவார்கள். நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைப்பார்கள். வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். "அம்மாவுக்கு இப்பல்லாம் சாப்பாடு எறங்க மாட்டேங்குது, வயசாயிடுச்சு" என்று மகன் சொல்வான். சாப்பாடு இறங்காமல் இல்லை. கக்கூசுக்குப் போகப் பயந்து சாப்பிடாமல் இருக்கிறார்கள்.

இதனால் வரும் கேடு சின்னது அல்ல. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும். சிறுநீர் கெட்டியாகி, அடக்கி அடக்கி, கிருமி பற்றும். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி பற்றினால் காய்ச்சல் வராமலே புத்தி தடுமாறுவதுண்டு. ராத்திரியில் பினாத்துவார்கள், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்கள். இதைக் காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டு போனவர்களும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரையும் குறைத்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். எந்த விழுதலுக்குப் பயந்தாரோ அந்த விழுதலே வந்து சேரும்.

இத்தனைக்கும் காரணம் உட்காரும் இடம் தாழ்வாக இருப்பது. அதை உயர்த்திக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். எப்படி உயர்த்துவது என்பதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

முட்டி ஏன் மறுக்கிறது?

நம் பெரியவர்கள் முட்டியை வைத்தே பிழைத்தவர்கள். ரப்பர் மரத்தில் கீழ்ப்பட்டை வெட்டும்போது ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, முட்டி மடக்கி, எழுந்து, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு மரம்! அது முடிந்தால் இரண்டு பக்கமும் பால் வாளியைக் காண்டா போட்டுத் தூக்க வேண்டும். செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்குவது குனிந்த வேலை, குலை தூக்குவது இடுப்பை முறிக்கிற வேலை. முட்டித் தேய்மானத்துக்கு வயதும் உடம்புப் பருமனும் காரணம்தான். ஆனால், வருடக்கணக்காகக் குந்தி எழுந்து சுமை தூக்குகிற தொழிலும் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை.

குந்தும்போது முட்டி முழுதாக மடங்குகிறது. அங்கிருந்து எழ வேண்டுமானால் உடம்பின் கனம் முழுவதையும் தொடைச் சதை அடியிலிருந்து தூக்க வேண்டும். வயதானால் முதலில் இளைப்பது அந்தத் தொடைச் சதைதான். உட்காரும் இடம் உயர உயர முட்டியும் இடுப்பும் மடங்குவது குறையும், தூக்க வேண்டிய தூரமும் குறையும். உயர இருக்கையின் தத்துவம் இவ்வளவுதான்.

முட்டி நோகிறவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் செய்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தவர்கள், கை கால் நடுக்கம் உள்ளவர்கள், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிற இருதயக்காரர்கள் எல்லாருக்கும் இது தேவைப்படலாம்.

"குந்திப் போனாத்தான் சுத்தமா போகும்" என்று பெரியவர்கள் வாதம் செய்வார்கள். அவர்கள் சொல்வது தப்பு அல்ல. குந்தும்போது மலம் வரும் பாதை நேராகிறது, சுலபமாக வெளியேறுகிறது. முட்டி நன்றாக இருக்கிறவரை தாராளமாகக் குந்தட்டும். எழ முடியாதவருக்கு அந்தச் சுகம் கிடையாது. அவர் உயரத்தில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் நன்றாக ஊன்றி, முழங்கையைத் தொடைமேல் வைத்து முன்பக்கமாகச் சாய்ந்தால் கிட்டத்தட்ட அதே பலன் வரும். பாதம் தரையில் படவேண்டும் என்று சொன்னதைக் கவனித்துக் கொள்ளுங்கள். கீழே சொல்லும் அளவுகளெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் அளவு, பிறகு கடை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டிக்கு எழுபதைத் தாண்டிய வயது, பால்வெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் குட்டை. பேரன் பட்டணத்துக்குப் போய்க் கடையில் இருந்ததிலேயே பெரிய இருக்கையை, 6 அங்குல உயரம் உள்ளதை, வாங்கி வந்து மாட்டினான். "பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன், சார்" என்றான். பாட்டி அதில் ஏறுவதற்கே ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறிய பிறகு கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. முன்னால் சரிந்து விடுவோமோ என்ற பயத்தில் அவருக்கு ஒன்றுமே வரவில்லை. மூன்றாம் நாள் பழையபடி வீட்டுப் பின்புறம் சாக்கடை ஓரத்தில் குந்தப் போய்விட்டார். பிறகு 2 அங்குல இருக்கையும் பக்கத்தில் கை ஊன்ற ஒரு சட்டமும் வைத்த பிறகுதான் சரியானது. பெரும்பாலான இருக்கைகள் நெட்டை ஆட்களைக் கணக்கு வைத்துச் செய்யப்பட்டவை. நம் ஆயாமார்களின் கால் அளவு வேறு.

அளப்பது சுலபம். பெரியவரை ஒரு கெட்டியான நாற்காலியில் உட்கார வையுங்கள். பாதம் தரையில் சமமாகப் படட்டும். கக்கூசுக்குச் செருப்புப் போட்டுப் போகிறவரானால் செருப்போடும், வெறுங்காலோடு போகிறவரானால் வெறுங்காலோடும் அளக்க வேண்டும். தரையிலிருந்து முட்டிக்குப் பின்பக்க மடிப்பு வரை எவ்வளவு? இது முதல் அளவு. அடுத்து, உட்காரும் பீங்கான் இருந்தால் அதன் பிளாஸ்டிக் வளையத்தைத் தூக்கிவிட்டு, தரையிலிருந்து பீங்கானின் விளிம்பு வரை எவ்வளவு என்று பாருங்கள். இது இரண்டாவது அளவு.

உட்காரும் இடம் முட்டி மடிப்புக்குச் சமமாகவோ, 1 அல்லது 2 அங்குலம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குதிகால் தூக்கிக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்மாவின் முட்டி மடிப்பு 16 அங்குலம், பீங்கான் 15 அங்குலம் என்றால், வேண்டிய உயரம் 17 அல்லது 18. கடையில் இந்த இருக்கைகள் பெரும்பாலும் 2, 4, 6 அங்குல உயரத்தில் வரும் (5, 10, 15 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும்). 2 அங்குலம் போட்டால் 17 வரும், போதும். 4 போட்டால் 19 ஆகிவிடும், அது அவருக்கு அதிகம். அப்பா நெட்டையான ஆள், முட்டி மடிப்பு 18 என்றால் அதே பீங்கானுக்கு 4 அங்குல இருக்கை பொருத்தம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் வேண்டுமானால், கழற்றி மாட்டுவது தினமும் நடக்கிற காரியம் அல்ல. இரண்டு பேரில் யாருக்குப் பாதம் தூக்குமோ அவருக்குத் தக்கபடி தாழ்வானதை வாங்கி, மற்றவருக்குக் கைப்பிடியைப் பலமாகச் செய்து கொடுங்கள்.

இடுப்பு ஆபரேஷன் செய்தவருக்கு மட்டும் இந்தக் கணக்கை நீங்களாகப் போட வேண்டாம். முட்டியை விட இடுப்பு மேலே இருக்க வேண்டும், இடுப்பை இத்தனை மடங்குக்கு மேல் மடக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் சொன்ன உயரம்தான் உயரம்.

இன்னும் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று ஆளின் எடை. இருக்கையின் அடியிலோ பெட்டியிலோ எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். மற்றது பீங்கானின் வடிவம். சில பீங்கான் வட்டமாக இருக்கும், சில முட்டை போல நீண்டிருக்கும். வட்டத்துக்குச் செய்த இருக்கை நீளமானதில் சரியாகப் பிடிக்காது. ஒரு பழைய பேப்பரைப் பீங்கான்மேல் விரித்து, விளிம்பைப் பென்சிலால் வரைந்து கடைக்கு எடுத்துப் போனால் தகராறு இல்லை.

குந்தும் கக்கூசு உள்ள வீட்டில்

தோட்டங்களில் இதுதான் பெரிய பிரச்சினை. உயர இருக்கை என்பது உட்காரும் பீங்கான்மேல் மாட்டுவது. குந்தும் பீங்கான்மேல் மாட்ட எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கமோடு நாற்காலி என்று ஒன்று இருக்கிறது. நாலு கால், இரண்டு கைப்பிடி, நடுவில் துளையுள்ள இருக்கை, அதற்குக் கீழே இழுத்து எடுக்கிற வாளி. வாளியை எடுத்துவிட்டு நாற்காலியை அப்படியே குந்தும் பீங்கான்மேல் வைக்கலாம். அல்லது வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்து, முடிந்த பிறகு பீங்கானில் கொட்டிக் கழுவலாம். முதல் முறையில் உயரத்திலிருந்து விழுவதால் தெறிக்கும், கால் நனையும். ஆகவே நான் வாளி முறையைத்தான் சொல்வேன். வீட்டில் வாளி கொட்ட ஆள் இல்லை என்றால் முதல் முறைதான் வழி. பெரியவரை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

சில லயங்களில் குந்தும் பீங்கானைத் தரையிலிருந்து ஒரு படி உயர்த்தித் திண்ணை போலக் கட்டியிருப்பார்கள். நாற்காலியின் நாலு காலும் அந்தத் திண்ணைமேலேயே நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பின்னங்கால் மேலே, முன்னங்கால் படிக்குக் கீழே, இடையில் ஒரு செங்கல் என்று வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். செங்கல் நகரும், ஆள் சாய்வார். இடம் பற்றாவிட்டால் நாற்காலியைக் கக்கூசுக்குள் வைக்காமல், வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் திரைச்சீலை கட்டி வாளியோடு வைத்துக் கொள்ளலாம்.

இந்த நாற்காலியின் கால்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பொத்தானை அமுக்கிக் காலை நீட்டிக் குறைக்கலாம். நாலு காலுக்கும் ஒரே துளையை எண்ணி வையுங்கள், பொத்தான் முழுதாக வெளியே வந்து 'கிளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். காலின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் வழுக்கும், புது ரப்பர் மாட்டுங்கள். சக்கரம் வைத்த நாற்காலியும் விற்கிறார்கள். அது, ஆளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவதற்கு. தானே உட்கார்ந்து தானே எழுகிறவருக்கு அது ஆபத்து. கை ஊன்றி எழும்போது நாற்காலி பின்னுக்கு ஓடிவிடும்.

வீட்டிலேயே செய்கிற வைத்தியம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்துக் கக்கூசில் வைக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அந்த நாற்காலிக்குப் பலமே நடுத்தட்டில்தான் இருக்கிறது. அதை அறுத்த பிறகு ஈரத் தரையில் கால் நாலும் விரிந்து கொள்ளும், அறுத்த விளிம்பு தொடையைக் கிழிக்கும். தச்சு வேலை தெரிந்தவர் கனமான மரத்தில் குறுக்குக் கட்டை போட்டு, திருகாணி முடுக்கி, வழவழப்பாக இழைத்துப் பெயின்ட் அடித்துச் செய்தால் அது வேறு விஷயம், சில காலம் உழைக்கும். ஆனால் மரம் ஈரத்தில் ஊறி அடியிலிருந்து அழுகும் என்பதால் மாதம் ஒருமுறை காலைக் குத்திப் பார்க்க வேண்டும்.

குந்தும் பீங்கானை உடைத்துவிட்டு உட்காரும் பீங்கான் வைப்பதுதான் நிரந்தர வழி. இடம் வேண்டும், பீங்கான் சுவரிலிருந்து இரண்டு அடிக்கு மேல் முன்னே வரும், அதற்கு முன்னால் முட்டி நீட்டவும் திரும்பவும் இடம் வேண்டும். வீடு தோட்டத்துடையது என்பதால் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உடைக்கக்கூடாது. வாயால் கேட்காமல், தோட்டக் கமிட்டி மூலமாக எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் (446ஆம் சட்டம்) வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளிமேல் வைத்திருக்கிறது. வெடித்த பீங்கான், பெயர்ந்த தரை, ஒழுகும் குழாய் இவற்றைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

மாட்டுவது எப்படி?

உட்காரும் பீங்கான் உள்ளவர்களுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று, பீங்கான் விளிம்பிலேயே பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் இருக்கை. மற்றது, பீங்கானைத் தொடாமல் நாலு காலில் தனியாக நிற்கிற சட்டம், அதில் இருக்கையும் கைப்பிடியும் சேர்ந்திருக்கும். நன்றாக நடக்கிற, கொஞ்சம் உயரம் மட்டும் வேண்டிய ஆளுக்கு முதல் வகை போதும். கையை ஊன்றி முழுக் கனத்தையும் போட்டு எழுகிறவருக்கு இரண்டாவது வகைதான் நல்லது. முதல் வகையிலேயே கைப்பிடி வைத்ததும் இருக்கிறது. ஆனால், ஒரு பக்கக் கைப்பிடியில் மட்டும் கனம் போட்டால் இருக்கை முழுவதும் ஒரு பக்கமாகக் கிளம்பும். பக்கவாதம் வந்தவர்கள் அப்படித்தான் ஒரு கையால் ஊன்றுவார்கள். அவர்களுக்கு அது வேண்டாம்.

பிளாஸ்டிக் இருக்கையை மாட்டும் முன் பீங்கான் விளிம்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பாசியும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் நகரும். பழைய வளையத்தையும் மூடியையும் தூக்கிவிடுங்கள், சில இருக்கைகளுக்கு அவற்றைக் கழற்றவே வேண்டும். இருக்கையின் அடியிலுள்ள கொக்கிகள் பீங்கானின் உள் விளிம்பில் உட்கார்ந்த பிறகு திருகுகளைக் கையாலேயே முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் கோணாது. குறடு போட்டு நெரித்தால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

பிறகு சோதனை. முன்னால், பின்னால், இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் கையை ஊன்றி அமுக்கிப் பாருங்கள். வீட்டில் திடகாத்திரமான ஒருவர், இருக்கை தாங்கும் எடைக்கு உட்பட்டவராக இருந்தால், உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். அவருக்கு அசைந்தால் பெரியவரை உட்கார வைக்காதீர்கள். மாட்டிய முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை திருகைத் தொட்டுப் பாருங்கள். வாரா வாரம் ஒரே நாளில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நமக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் என்பதால் ஒரு விஷயத்தைக் கடையிலேயே பார்க்க வேண்டும். இருக்கையின் முன்பக்கமோ பின்பக்கமோ கை நுழைய வெட்டு இருக்கிறதா? முழு வட்டமாக, சுவர் போல உயர்ந்த இருக்கையில் கை போகாது. கை போகாவிட்டால் பெரியவர் பாதி எழுந்து நின்று கழுவுவார், விழுவது அந்த நேரத்தில்தான். தண்ணீர் வாளியைத் தரையில் வைக்காமல் பக்கத்தில் ஒரு முக்காலிமேல், கை எட்டும் உயரத்தில் வையுங்கள். ரப்பர் குழாய் இழுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. முடிந்த பிறகு இருக்கைமேல் உள்ள ஈரத்தை அடுத்த தடவைக்கு முன் துடைத்து வையுங்கள்.

கைப்பிடி

இருக்கை வாங்கிவிட்டுக் கைப்பிடியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். உயரத்தை விடக் கைப்பிடிதான் முக்கியம் என்று சில ஆட்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. துண்டு போடுகிற கம்பி, தண்ணீர்க் குழாய், பீலி, கைகழுவும் தொட்டி இவை எதுவும் ஆளைத் தாங்கச் செய்தவை அல்ல. ஒரு நாள் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். ரப்பர்க் கிண்ணத்தை ஓட்டில் அழுத்தி ஒட்டுகிற கைப்பிடியும் அப்படித்தான், காற்று இறங்கியது தெரியாமல் கழன்று விடும்.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய், கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற பருமன், அதாவது ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம், இருக்கட்டும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இடைவெளி போதும், அதிகம் விட்டால் கை வழுக்கி முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். செங்கல் சுவரானால் துளை போட்டு ஆப்பு வைத்துத் திருகாணி போடலாம். பலகைச் சுவரிலும் தகரத்திலும் அது நிற்காது. உள்ளே நிற்கிற மரத்தூணைத் தட்டிக் கண்டுபிடித்து அதில்தான் அடிக்க வேண்டும். தூண் சரியான இடத்தில் இல்லையென்றால் சுவரை நம்பாமல் நாலு கால் சட்டத்துக்குப் போய்விடுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது என்று மேஸ்திரியைக் கேட்காதீர்கள், பெரியவரைக் கேளுங்கள். அவரை இருக்கையில் உட்கார வைத்து, "எழுந்திரிங்கப்பா" என்று சொன்னால் கை தானாக எங்கே தேடுகிறதோ அங்கே பென்சில் கோடு போடுங்கள். பலமான கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். மாட்டிய பிறகு நீங்களே தொங்கிப் பாருங்கள்.

உட்காருவதும் எழுவதும்

புது இருக்கைக்கு ஒரு பழக்கம் வேண்டும். முதல் நாள் துணி மாற்றாமல் பகலில் நாலைந்து தடவை சும்மா உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். பின்னுக்கு நடந்து, இருக்கை காலின் பின்பக்கம் தொட்ட பிறகு, கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோய், நோகிற காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, மெதுவாக இறங்க வேண்டும். 'தொப்' என்று விழக்கூடாது. எழும்போது இருக்கையின் முன் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, தலையை முன்னே கொண்டுவந்து, கையை ஊன்றி எழ வேண்டும். நின்றவுடன் நடக்கக்கூடாது. பத்து எண்ணிவிட்டு நடக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கட்டாயம். ராத்திரியில் படுக்கையிலிருந்து எழும்போதும் சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உதவி செய்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. பக்கவாதம் வந்த தோள் அதில் பிசகிவிடும். பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்கினால் போதும்.

கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மாமனார் உள்ளே இருக்கும்போது மருமகள் கதவைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம் நியாயமானது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ் போடுங்கள், கதவில் ஒரு துணி தொங்கினால் ஆள் உள்ளே என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தகர டப்பாவும் கரண்டியும் இருந்தால் ஆபத்துக்குத் தட்டலாம். ராத்திரி விளக்கு எரியட்டும். கக்கூசு வீட்டுக்கு வெளியே இருந்தால், மழை ராத்திரியில் பாசி படிந்த சிமென்டில் அவரை நடக்க விடாமல், கமோடு நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவருக்கு வழுக்குவதே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியும் விழுந்துவிட்டால், உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், கட்டுக்கட்டுகிறவரிடம் கொண்டு போக வேண்டாம். சோறு தண்ணீர் கொடுக்காமல், அசைக்காமல், போர்த்திவிட்டு 999-க்கு அடியுங்கள், எனக்கும் ஆள் அனுப்புங்கள். இந்த முறிவுக்கு ஆபரேஷன் இரண்டு நாளுக்குள் நடந்தால் எழுந்து நடக்கும் வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் உருவிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் படுக்கையோடு போனதைப் பார்த்திருக்கிறேன்.

காசுக்கு என்ன செய்வது?

அரசாங்க ஆஸ்பத்திரியில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று ஒரு பகுதி இருக்கிறது. கக்கூசு, குளியல், உடை உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கு வழி சொல்லிக் கொடுப்பதே அவர்கள் தொழில். டாக்டரிடம் கடிதம் கேட்டு அங்கே போனால், எந்த இருக்கை பொருந்தும் என்று அவர்களே உட்கார வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். பக்கவாதத்தாலோ வேறு நோயாலோ நிரந்தர ஊனம் அடைந்தவரை சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுக்கலாம், துணைக் கருவிகளுக்கான உதவிக்கு அதன் வழியாக மனுப் போடலாம். வேலையில் இருக்கும்போது அடிபட்டோ, உடல் செயலிழந்தோ போன சந்தாதாரர் என்றால் சொக்சோவிடம் கருவி உதவி கேட்க வழி உண்டு. பாரம் நிரப்பத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் போங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவருடைய நாற்காலி சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. "செத்தவர் சாமான்" என்று சிலர் தயங்குகிறார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, குளோரக்ஸ் கலந்த தண்ணீரில் துடைத்து, வெயிலில் ஒரு நாள் காய வைத்தால் கிருமி இருக்காது. ஆனால் பொத்தான், ரப்பர், கைப்பிடித் திருகு எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்துவிட்டு, காலின் உயரத்தை உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். அவர் வைத்திருந்த உயரம் இவருக்குப் பொருந்தாது.

வாங்கும் முன் குழப்பமாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் முட்டி மடிப்பின் உயரம், பீங்கான் விளிம்பின் உயரம், ஆளின் எடை, கக்கூசின் அகல நீளம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள். குந்தும் பீங்கானானால் திண்ணையின் அளவையும் எழுதுங்கள். பெரியவர் வர வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாலும் போதும்.